சவுரியம்மாள் காட்டிய அடையாளம்

ஆம்பூரில் சவுரியம்மாளுக்குக் கரையான் என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. புத்தகத்தை அரிக்கிறவள் என்று அர்த்தம். காதுபடவே சொல்வார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை, பாதி நேரம் அவளுக்குக் காதே கேட்காது. கையில் விரித்த புத்தகத்தோடு கடைத்தெருவில் நடந்து வருவாள். வண்டிக்காரன்தான் மாட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு முறை படித்துக்கொண்டே போய், தன் வீடு என்று நினைத்து அடுத்த தெருவில் பட்டம்மாள் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியில் சோற்றுப் பானையைத் திறந்தும் பார்த்துவிட்டாள். "இன்னாம்மா தேடறே?" என்று பட்டம்மாள் கேட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தது.

வேலையும் புத்தகத்தோடுதான். தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து கடைத்தெரு முனையில் ஒரு வாசகசாலை நடத்தினார்கள். தமிழ், உருது, இங்கிலீஷ் மூன்றும் அங்கே இருந்தன. கோஷாவில் இருக்கும் பெண்களுக்கும் புத்தகம் போய்ச் சேரட்டும் என்று அந்த வியாபாரிகளில் ஒருவருக்கு ஆசை வந்தது. ஆண்பிள்ளை எவனும் புத்தக மூட்டையோடு அந்த வீடுகளின் திரைக்கு முன்னால் போய் நிற்க முடியாது. அதற்காகத்தான் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்துத் தேறியிருந்த சவுரியம்மாளை வேலைக்கு எடுத்தார்கள். பின்னால் வாசகசாலையைக் கவனித்துவந்த முன்ஷிக்குக் கண் மங்கியதும் அவர் நாற்காலியிலும் இவளே உட்கார்ந்தாள். முன்கூடத்தில் ஆண்கள் பத்திரிகை படிப்பார்கள். மரத்தட்டிக்கு இந்தப்பக்கம் பின்கட்டில் இவள் இருப்பாள். ஊருக்கு முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

அவள் அப்பா சின்னப்பன் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று தோல் புரட்டியவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் தண்ணீர் மாற்றி மாற்றிக் காலைத் தேய்ப்பார். அப்படியும் கோயிலில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் சற்றுத் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அவர் செத்துப் பல வருஷம் ஆகியும் குழித்தெரு வீட்டில் அந்த வாடை போகவில்லை. சவுரியம்மாளுக்கு வயது முப்பதை நெருங்கியது. கேட்டு வந்த இரண்டொரு பேரும், பெண் இவ்வளவு படித்தவள் என்று தெரிந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு நழுவினார்கள். அவளுக்குக் கல்யாண ஆசையே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆசை இருந்தது. படித்ததைப் பற்றி வாய்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும் என்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்படிப்பட்டவளிடம்தானா வந்து சேர வேண்டும் வேலூர் வக்கீல் பாக்கியநாதன், பி.ஏ., பி.எல்.? அந்தப் பேரைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் பார்க்க லட்சணமான மனிதர், அதை மறைத்துப் பயனில்லை. பொன்விளிம்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத கோட்டு, லாவண்டர் தெளித்த கைக்குட்டை. புராட்டஸ்டண்டு சபையில் முன்வரிசைக் குடும்பம். ஆம்பூர் டேனரிக்காரர்களின் பாகவழக்குகள்தான் அவருக்குச் சோறு போட்டன. அவர்கள் ஊரின் வாடை மட்டும் ஆகவில்லை. ரயிலை விட்டு இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும்.

1927-இல் ஒரு நாள் அவர் வாசகசாலைக்கு வந்தார். காலஞ்சென்ற ஒரு வக்கீலின் சட்டப் புத்தகங்கள் அங்கே இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். வேண்டிய புத்தகத்தின் பெயரைத் தட்டி வழியாகச் சொன்னார். சவுரியம்மாள் எழுந்திருக்கவில்லை.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள்.

வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் துண்டும் உண்டு. ஆவாரம்பட்டைக் கறையோடு டேனரியிலிருந்து நேரே வருகிறவர்களுக்காக வைத்தது. கழுவாத கைக்கு அவள் புத்தகம் தரமாட்டாள்.

"என் கையா?" வக்கீல் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் அதான் இங்க சட்டம். தோல் ஷாப்பு ஆளு கழுவணும், வக்கீலு கழுவ வாணாம்னா அது இன்னா சட்டம்?"

முன்கூடத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றுபோனது. பாக்கியநாதன் சிரித்துவிட்டார். கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்க் கழுவி, ஈரக் கையை நீட்டிக் காட்டியபடியே திரும்பி வந்தார். "இப்ப சரிதானுங்களா?" என்றார்.

அப்போது அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் சிரித்தாள், அதுவும் தனியாக.

பிறகு அவர் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தார். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் முன்கூடம் காலியாகிவிடும். தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்துதான் ஆட்கள் திரும்புவார்கள். அந்த இடைவெளியில் பாக்கியநாதன் தட்டிக்கு அருகில் ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருவார். பட்டணத்தில் படித்த இங்கிலீஷ் நாவல்களின் கதையைச் சொல்வார். இவள் நடுவில் குறுக்கிட்டு, இந்தப் பெண் இப்படிச் செய்திருக்கமாட்டாள் என்று சண்டை பிடிப்பாள். அவர் கோபப்படாமல் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை கண் எடுக்காமல் பார்ப்பார்; முடித்த பிறகு சரியான இடத்தில் ஒரு கேள்வி கேட்பார். அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. அப்பாவின் கால் கழுவல், கோயிலில் ஆட்கள் தள்ளி உட்கார்ந்தது, பட்டம்மாள் வீட்டுச் சோற்றுப் பானை, கதையில் வரும் சாவுக்கெல்லாம் நிஜச் சாவு மாதிரி இரண்டு நாள் அழுவது, குழித்தெருவை விட்டு எங்காவது போய்விட வேண்டும் என்று கோயிலில் வைத்துக்கொண்ட வேண்டுதல், எல்லாவற்றையும் கொட்டினாள். ஏழை வீட்டில் விருந்தாளிக்கு இருப்பதையெல்லாம் எடுத்து வைப்பதுபோல வைத்தாள்.

ஒரு நாள் அவர் அவளுக்கென்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். உள்ளே அவள் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை.

"நல்ல புத்தகத்துல எழுதிக் கெடுக்கக்கூடாது, இல்லையா?" என்றார்.

வாசகசாலைக்காரிக்கு இதைவிட இனிப்பாக வேறு என்ன சொல்ல முடியும்? அவள் பூரித்துப்போனாள். மனிதர் ஒரு வரிகூடக் காகிதத்தில் எழுதித் தராதவர் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை. ஊர்ப் பெண்கள் மட்டும் கண் காது வைத்துப் பேசினார்கள்: அந்தக் கோட்டுக்கும் இந்தக் கரையானுக்கும் என்ன சம்பந்தம் என்று. அவளுக்கே அது விளங்கவில்லை. விளங்காததினாலேயே கடவுள் கொடுத்தது என்று நம்பினாள்.

இனி சர்தார் பாஷா வீட்டு விஷயத்துக்கு வர வேண்டும். பெரிய டேனரிக்காரர். அவரும் தம்பி அப்துல் ஹமீதும் ஒரே வீட்டில், ஒரே வியாபாரத்தில் இருந்தார்கள். அண்ணன் மனைவி முனவ்வர் பேகம், தம்பி மனைவி ஜஹீருன்னிசா. வாசகசாலையில் ஒரு வீட்டுக்கு ஒரு பெண்தான் அங்கத்தினர், அதுவும் வீட்டின் மூத்த பெண்ணின் பெயரில். அதனால் அந்த வீட்டுக்கு முனவ்வர் பேகம் என்று பெயர் பதிவாகியிருந்தது. சவுரியம்மாள் வாரம் ஒரு முறை புத்தகத்தோடு போவாள். ஆசாரம் மிகுந்த வீடு. வெளியாள் பெண்ணானாலும் திரைக்கு இந்தப்பக்கம்தான். உள்ளேயிருந்து வளையல் போட்ட கை நீளும், புத்தகத்தை வாங்கும். சமயத்தில் பேச்சும் நீளும்.

"போன புஸ்தகத்துல அந்தப் பொண்ணைக் கடைசில ஏன் சாவடிச்சிட்டாங்க, சவுரிம்மா? பேஜாராயிடுச்சு எனக்கு."

"நான் எழுதியிருந்தா சாவடிச்சிருக்க மாட்டேன், பீபி."

ஆறு வருஷம் இந்தப் பேச்சு நடந்தது. அந்தக் குரலும் கையும் முனவ்வர் பேகத்தினுடையவை என்றே சவுரியம்மாள் நினைத்தாள். அவை ஜஹீருன்னிசாவினுடையவை. மனைவி கதைப் புத்தகம் படிப்பது அப்துல் ஹமீதுக்குப் பிடிக்காது. அதனால் மூத்தவள் பெயரில் வரும் புத்தகத்தை இளையவள் வாங்கிப் படித்தாள். வெளியாள் காதில் விழும்படி பெண்களின் பெயர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அம்மா, பீபி, இந்தாங்க என்பதோடு சரி. ஆகவே ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தத் தப்பு திருந்துவதற்கு வழி கிடைக்கவில்லை.

சர்தார் பாஷா திடீரென்று மார்வலியில் செத்துப்போனார். புருஷனை இழந்தவள் நாலு மாசத்துக்குமேல் வெளியே வராமல் இத்தா இருக்கும் வீடு என்று சவுரியம்மாள் அங்கே புத்தகம் கொண்டுபோவதை நிறுத்தினாள். பாக்கியநாதனிடம் அந்த அம்மாளைப் பற்றி மனம் உருகிப் பேசினாள்.

"பாவம், முனவ்வர் பீபி. கதையில ஒருத்தர் செத்தாலே தாங்க மாட்டாங்க. அவ்ளோ படிப்பாங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பாக்கியநாதனின் கை நின்றது. "படிப்பாங்களா? முனவ்வர் பேகமா?"

"தமிழு, உருது ரெண்டும். என்னைவிட வேகமா."

"நிச்சயமா அவங்கதானா?" என்று மறுபடியும் கேட்டார். அப்துல் ஹமீது அவருடைய கட்சிக்காரர். முனவ்வர் பேகத்துக்குக் குர்ஆன் ஓத வருமே தவிர ஒரு கடிதாசி படிக்கத் தெரியாது என்பது கட்சிக்காரர் வழியாக அவருக்கு நன்றாகத் தெரியும். சவுரியம்மாளுக்கு அது தெரியாது. தான் சொல்கிற ஆளின்மேல் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று சந்தோஷப்பட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவர் ஓர் உதவி கேட்டார். முனவ்வர் பேகம் டேனரியில் தன் பங்கை மைத்துனருக்கே விட்டுக்கொடுத்து, மாசாமாசம் ஜீவனத்துக்கு வாங்கிக்கொள்ளப் போகிறாராம். கோஷா ஸ்திரீ ஆனதால் ரிஜிஸ்தர் அதிகாரியே வீட்டுக்கு வருவார். பெரிய இடத்துப் பெண்களின் விரலில் மை தடவுவது மரியாதையில்லை என்று கைரேகையை விட்டுவிடுவார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவர் இன்னார்தான் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"உன் வார்த்தையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, சவுரி," என்றார். முதல் தடவையாக ஒருமையில் பேசினார். "இந்தப் பத்திர வேலை ஒண்ணுதான் பாக்கி. முடிஞ்சதும் எங்க கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்றேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வாசித்தால் கல்யாணம் நிச்சயம் என்று அர்த்தம். தன் பெயர் பாக்கியநாதன் பெயருக்குப் பக்கத்தில் உரக்க வாசிக்கப்படுவதை அவள் கற்பனையில் கேட்டாள். அதற்காகத் தன் பூசை, ஜெபமாலை எல்லாவற்றையும் விட்டு அவர் சபைக்குப் போக வேண்டுமே என்று அழுதாள். போகிறேன் என்றும் முடிவு செய்தாள்.

அந்த நாளும் வந்தது. கனமான திரை. இந்தப்பக்கம் அதிகாரி, அப்துல் ஹமீது, சாட்சிகள். பாக்கியநாதன் வாசலிலேயே நின்றுகொண்டார். தம் பெயர் எந்தக் காகிதத்திலும் வராமல் பார்த்துக்கொண்டார். திரைக்குள்ளிருந்து "சவுரிம்மா, வந்துட்டியா?" என்று கம்மிய குரல் வந்தது. அந்தக் கை நீண்டது. 

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும். ஆறு வருஷமா தெரியும். முனவ்வர் பேகம்."

கை பத்திரத்தை உள்ளே வாங்கியது. வெளியே வந்தபோது அதில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்தான் இருந்தது. இவ்வளவு படிக்கிறவர் கீறலா போடுவார் என்று சவுரியம்மாளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. திரும்பும் வழியில் கேட்டாள். பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து எழுதக் கற்றுக்கொடுக்காத வீடுகள்தான் அதிகம் என்றார் பாக்கியநாதன். அது உண்மைதான். அவளுக்கே அப்படிப் பல வீடுகள் தெரியும். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவள் பிடித்திருப்பாள்.

இத்தா முடிந்த சில நாளில் வாசகசாலை வாசலில் திரை கட்டிய ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்றது. புர்கா போட்ட ஒரு பெண் இறங்கி நேரே பின்கட்டுக்கு வந்தாள். முன்கூடத்து ஆண்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவள் சவுரியம்மாளின் முன்னால் முகத்திரையைத் தூக்கினாள். நாற்பது நாற்பத்தைந்து வயசு, வாடிய முகம். சவுரியம்மாள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

"நீதானே புஸ்தகக்காரம்மா?"

குரலும் தெரியாத குரல். "ஆமாங்க. நீங்க?"

"என்னைத் தெரியும்னு அதிகாரிகிட்ட சொல்லிட்டு, நீங்க யாருன்னு கேக்கறியே. நான்தான் முனவ்வர் பேகம்."

சவுரியம்மாள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருஷமா என் பேர்ல யாரோ படிச்சாங்க. நான் உள்கட்டுல இத்தா இருக்கச்சொல்லோ என் பேர்ல யாரோ கீறல் போட்டுட்டாங்க. புருஷன் உட்டுட்டுப் போனது அந்தப் பங்கு ஒண்ணுதான். மாட்டுக் கொட்டாய் பக்கத்து ரூமைக் காட்டி அங்க இருந்துக்கன்றான் மச்சினன். கேட்டா, கிறிஸ்தவப் பொண்ணு அடையாளம் சொல்லிச்சேன்றான்." குரல் உயரவில்லை. "நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

 அன்று சாயங்காலமே சர்தார் பாஷா வீட்டுக்கு ஓடினாள். திரைக்கு முன்னால் நின்று, "பீபி, நீங்க யாரு?" என்று கேட்டாள்.  பிறகு அந்தக் கை ஒரு புத்தகத்தைத் திரைக்கு அடியில் தரையோடு தள்ளியது.

"இனிமே புஸ்தகம் வாணாம்னு சொல்லிட்டாரு. நீ போய்டு சவுரிம்மா. எனக்கும் புள்ளைங்க இருக்கு." அழுகிற குரல்தான். அழுகை யாருக்கு வேண்டும்? சவுரியம்மாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அந்த வாரம் பாக்கியநாதன் வந்தபோது அவள் சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவர் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்தார். "தெரிஞ்சிருந்தா என்ன, தெரியாட்டா என்ன? நீ பொய் சொல்லலை. உனக்குத் தெரிஞ்சதைச் சொன்னே. அந்தம்மா வழக்குப் போடப்போறாங்களாம். கோர்ட்லயும் அதையே சொல்லு, போதும்."

"அது பொய்யாச்சே இப்போ."

"மாத்திச் சொன்னா, பொய் அடையாளம் காட்டினதுக்கு உன்னைத்தான் பிடிப்பாங்க. நான் கட்டிக்கப்போறவ ஜெயில்ல இருந்தா நான் எங்க போய் ஓலை வாசிக்கச் சொல்றது?" சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கும் லாவண்டர் மணத்தது.

அவளுக்கு வீரம் ஒன்றும் பொங்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஜெயிலுக்குப் பயந்தாள், அதைவிட, அவர் வராத வாரங்களுக்குப் பயந்தாள். வழக்குக்கு நாள் குறிக்கும்வரை அவள் தனக்குள்ளேயே இரண்டு கட்சிக்கும் வாதாடினாள். இவரையே கட்டிக்கொண்டு, வேலூரில் நல்ல வீட்டில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒவ்வொரு வேளையும் அந்த மனிதருக்கு எதிரில் சாப்பிட உட்கார வேண்டும். தெரிஞ்சிருந்தா என்ன என்று சொல்லிவிட்டு நிதானமாகக் கண்ணாடி துடைத்த அந்தக் கைக்குச் சோறு பரிமாற வேண்டும். அவளால் முடியாது என்று தெரிந்துபோயிற்று. ஒரு நாள் காலையில் எழுந்து, முனவ்வர் பேகத்தின் வக்கீல் ராமலிங்கத்தைத் தேடிப்போய், எல்லாவற்றையும் சொன்னாள்.

ராமலிங்கம் சாது. தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "அவர் உனக்குக் கல்யாண வாக்குக் குடுத்தார்னு சொல்றியே. கடிதாசி, கிடிதாசி எதாவது எழுதியிருக்காராம்மா? ஒரு சீட்டு? ஒரு புஸ்தகத்துல பேரு?"

இல்லை என்றாள். சொல்லும்போதே, நல்ல புத்தகத்தில் எழுதிக் கெடுக்கக்கூடாது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

கோர்ட்டில் அப்துல் ஹமீதுக்காக வாதாடப் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய வக்கீலைக் கொண்டுவந்திருந்தார்கள். பாக்கியநாதன் அவருக்குப் பின்னால் மேஜையோரம் உட்கார்ந்து, சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவளுக்காக அவர் எழுதினார் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். சவுரியம்மாள் கூண்டில் ஏறி, திரைக்குப் பின்னால் இருந்தவர் முனவ்வர் பேகம் இல்லை, நான் ஏமாந்துவிட்டேன் என்று சொன்னாள். பெரிய வக்கீல் எழுந்தார். வெகு மரியாதையாகக் கேட்டார்.

"படிச்சுக்கிட்டே போய் வேற ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழைஞ்சு, சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தவங்க நீங்கதானே?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஆமாங்க."

"கதையில வர்றவங்க செத்தா, நிஜமாவே செத்துட்டாங்கன்னு ரெண்டு நாள் அழுவீங்களா?"

"அழுவேன்."

"உங்க தகப்பனார் சுண்ணாம்புக் குழியில வேலை செஞ்சவர். அந்தத் தெருவை விட்டு எப்படியாவது போகணும்னு கோயில்ல வேண்டிக்கிட்டீங்க. இல்லையா?"

அவள் பாக்கியநாதனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. அடுத்த சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். லுஹர் நேரத்தில் தட்டி ஓரத்தில் அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததெல்லாம் இப்போது வரிசை மாறாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. அப்படி உன்னிப்பாகக் கேட்டவர் அவர்.

"வேண்டிக்கினேன்," என்றாள்.

"ஒரு வக்கீலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா போயிடலாம்னு நினைச்சீங்க. அவர் உங்களுக்கு எப்பவாவது கடிதம் எழுதினாரா? மோதிரம் கொடுத்தாரா? பெரியவங்க முன்னால பேசினாரா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதான்," என்று பெரிய வக்கீல் உட்கார்ந்துகொண்டார். ஜஹீருன்னிசாவைக் கோர்ட் நியமித்த கமிஷனர் வீட்டுக்கே போய் விசாரித்தார்; அவள் திரைக்குள்ளிருந்து தனக்கு எதுவும் தெரியாது என்றாள்.

முனவ்வர் பேகத்தின் வழக்குத் தள்ளுபடியானது. சவுரியம்மாளுக்கு ஜெயில் இல்லை. அவள் முதலில் சொன்னதுதான் நிஜம், பின்னால் சொன்னதுதான் பொய் என்று தீர்ப்பானபோது, பொய் அடையாளம் காட்டியதாக அவளை எப்படித் தண்டிப்பது? கோர்ட்டில் அவள் கிடந்து சீப்பட்டது போதும் என்று விட்டுவிட்டார்கள். வாசகசாலைக்காரர்கள் மட்டும் விடவில்லை. இனி எந்த வீட்டுத் திரைக்கு முன்னாலும் இவளை அனுப்ப முடியாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதே மாசம் வேலூரில் பாக்கியநாதனுக்கு ஓலை வாசித்தார்கள். பெண் பட்டணத்து டாக்டர் ஒருவரின் மகள்.

முனவ்வர் பேகம் கொட்டாய் பக்கத்து ரூமில் இருக்கவில்லை. கூடப்பிறந்தவர் வீட்டுப் பின்கட்டில் இடம் கிடைத்து அங்கே போய்விட்டாள். ஒரு நாள் சவுரியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினாள். ராமலிங்கம் கொடுத்த தீர்ப்பு நகல் அவளிடம் இருந்தது, முழுக்க இங்கிலீஷ்.

"இதுல இன்னாதான் எழுதியிருக்கான், படிச்சுச் சொல்லு. நான் தோத்த கதையை நானே இன்னும் கேக்கல."

சவுரியம்மாள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். பத்திரத்தில் கீறல் போட்டவர் முனவ்வர் பேகமே என்று இருந்ததைச் சொன்னாள். அடுத்த பக்கத்தில் தன்னைப் பற்றி வந்தது. கண் முன்கூட்டியே ஓடிப் படித்துவிட்டது. விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். எதிரில் இருந்தவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் புத்தகத்தில் ஒரு வரியைத் தாண்டிப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"இந்தச் சாட்சி, பிரதிவாதியின் வக்கீல்மேல் ஒருதலையாக ஆசை வைத்து, அது கைகூடாத மனக்கசப்பில் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறார் என்றே தெரிகிறது."

"ஒருதலைன்னா?"

"நான் மட்டும்தான் நெனச்சுக்கினேன்னு அர்த்தம், பீபி. அவருக்கு ஒண்ணும் இல்லியாம்."

வேலை போனதற்கும், ஊர் சிரித்ததற்கும், அந்த வேலூர் ஓலைக்கும்கூட அவள் மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவரை இழக்கத் துணிந்துதான் கூண்டில் ஏறினாள். அவர் தன்னுடையவராக ஒரு நாளும் இருந்ததே இல்லை என்று முத்திரை குத்தித் தருவார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை. 

"நெஜமா அது?" என்று கேட்டாள் முனவ்வர் பேகம்.

சவுரியம்மாள் அந்த வரியையே மறுபடியும் பார்த்தாள்.

"நான் கீறல் போட்டேன்னும்தான் இதே காகிதத்துல எழுதியிருக்கான். அத்த நம்பறியா நீ?"

"இல்ல பீபி."

"அப்புறம் இத்த மட்டும் இன்னாத்துக்கு நம்பறே? உட்டுத் தள்ளு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் முனவ்வர் பேகத்துக்குத் தன் கை கீறல் போடவில்லை என்பது நிச்சயமாகத் தெரியும். உலகமே மாற்றி எழுதினாலும் அவளுக்குத் தெரியும். அந்த மனிதர் ஈரக் கையை நீட்டிச் சிரித்தது நிஜமா, இமைக்காமல் கேட்டது நிஜமா, வழக்குக்காக வந்தாரா, வந்த பிறகு வழக்கு வந்ததா, இதில் ஒன்றைக்கூட அப்படி நிச்சயமாகச் சொல்லச் சவுரியம்மாளால் முடியவில்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். முனவ்வர் பேகம் பக்கத்திலேயே இருந்தாள். அப்புறம் சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் படிக்காமல் மீதியிருந்த பக்கத்தைப் படித்துச் சொன்னாள்.